மாஸ்கோ ஷோதியின் நாடக அரங்கம்

“வியாழக்கிழமை காலையில சீனாக்கார இன்ஜினியர் வர்றார். நீதான் பேசணும்,” என்றார் ஊர்த்தலைவர் அஸ்லிதீன், வாசற்கதவைப் பிடித்தபடியே.

ஷோதியின் வாயிலிருந்த ரொட்டி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

“எனக்குச் சீனம் தெரியாதே தலைவரே.”

“சீனம் யார் கேட்டா? வெளிநாட்டுக்காரன்னா ரஷ்யன்தானே பேசுவான். நீ பன்னெண்டு வருஷம் மாஸ்கோவுல இருந்தவன். புது ரோடு நம்ம வாய்க்கால் மேல போகுது. அடியில ஒரு குழாயைப் போட்டுட்டு அப்புறம் மண்ணைக் கொட்டச் சொல்லு. இல்லேன்னா நாப்பது வீட்டு ஆப்ரிகாட் மரமும் இந்தக் கோடையோட விறகுதான்.”

தலைவர் போனதும் மனைவி மவ்ஜூதா தேநீரை நங்கென்று வைத்தாள்.

“ரஷ்யன் தெரியாதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

அவளுக்கு மட்டும்தான் அது தெரியும். பன்னிரண்டு வருஷமும் ஷோதி கட்டடங்களின் அடித்தளத்தில் சிமெண்டு மூட்டை சுமந்தான். கூடச் சுமந்தவன் அவனைப் போலவே தாஜிக், மேஸ்திரி தாஜிக், சோறாக்கினவனும் தாஜிக்; பேச்செல்லாம் ஊரில் பேசும் தாஜிக் மொழிதான். அவனுக்குத் தெரிந்த ஒரே ரஷ்ய வார்த்தை போலீஸ்காரன் அனுமதிக் காகிதம் கேட்பது. அதற்கு வாயால் பதில் சொல்லும் வழக்கம் இல்லை, ஓட வேண்டும்.

முதுகு போனதும் ஊருக்குத் திரும்பினான். ஊர் அவனை ‘மாஸ்கோ ஷோதி’ ஆக்கியது. கல்யாண விருந்துகளில் மூத்தவர்களுக்கு அருகே உட்கார வைத்தது. ரஷ்யனில் எழுதிய மருந்துச் சீட்டை நீட்டினால், “மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்” என்று படித்துச் சொல்வான். அப்படிப் படித்தவற்றில் ஒன்று காதில் விடும் மருந்து.

வேறு ஆளும் கிடைக்காது. ரஷ்யன் தெரிந்த ஆண்கள் எல்லோரும் ரஷ்யாவில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்து ரஷ்ய வாத்தியார்கூட அங்கேதான் செங்கல் சுமந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஷோதி கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டினான்.

“பரவாயில்லை, எழுதிக் குடுத்துடு,” என்றார் தலைவர். “நாலு பக்கம் வந்தாப் போதும்.”

மாலைக்குள் தொண்டை சரியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போய், கைபேசி பழுதுபார்ப்பவனிடம் ஒரு ரஷ்ய ஒலிப்பாடத்தை ஏற்றிக்கொண்டு வந்தான். முப்பது நாளில் இரண்டாயிரம் வார்த்தைகள். இருப்பதோ இரண்டு நாள். வேகத்தை இரட்டிப்பாக்கிக் காதில் மாட்டிக்கொண்டு வாய்க்காலில் சேறு அள்ளினான். ஒரு பெண் கேள்வி கேட்டாள். ஓர் ஆண் பதில் சொன்னான். பிறகு இடைவெளி, அதற்குள் ஷோதி திருப்பிச் சொல்ல வேண்டும்.

அவர்கள் ஓட்டலில் அறை எடுத்தார்கள், நாடகத்துக்குப் போனார்கள், வானிலையைப் புகழ்ந்தார்கள். மண்வெட்டி இல்லை, சேறு இல்லை, மேஸ்திரி இல்லை. அந்த ரஷ்யாவில் ஒருவரும் வேலைக்கே போகவில்லை.

“குழாய்க்கு என்னவாம்?” என்று மவ்ஜூதா கேட்டாள்.

“இன்னும் வரலை. பதினெட்டாம் பாடத்துல குளியலறை வருது. அங்க இருக்கும்.”

குளியலறையில் துண்டு மட்டும்தான் இருந்தது.

இதற்கிடையில் அவன் இரட்டை வேகத்தில் முணுமுணுப்பதைத் தலைவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுவிட்டார். “என்னா வேகம்! நம்ம ஆளைப் பார்க்கட்டும்,” என்று பக்கத்து ஊர்க்காரர்களையும் வியாழக்கிழமைக்கு வரச் சொல்லிவிட்டார்.

“பேசாம கையால காட்டிடுங்க,” என்று மவ்ஜூதா அடுப்பின் புகைக்குழாயில் ஒரு முழத்தைக் கழற்றிக் கொடுத்தாள். “குழாயைக் காட்டுங்க, வாய்க்காலைக் காட்டுங்க. ஆடு மேய்க்கிறவனுக்குக்கூடப் புரியும்.”

வியாழக்கிழமை தூறல். வெள்ளை ஜீப் வந்து நின்றது. பொறியாளர் ஹான் இறங்கினார். வெயிலில் கறுத்த கழுத்து, நகத்தில் தார். ஓட்டுநர் ஜமோல் கதவைத் திறந்து வைத்து உள்ளேயே சாய்ந்து, சூரியகாந்தி விதை கொறித்தான்.

ஷோதி புகைக்குழாயை நீட்டினான். ஹான் அதை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சில் கை வைத்து நன்றி காட்டி, ஜீப்பின் பின்சீட்டில் பத்திரமாக வைத்தார். கூட்டத்தில் நின்ற மவ்ஜூதா கணவனைப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிறகு ஹான் கண்களை மூடி மூச்சை இழுத்தார்.

“வணக்கம். இன்றைய வானிலை மிகவும் இனிமையாக உள்ளது,” என்றார் ரஷ்யனில். மழை அவர் மூக்கில் வழிந்தது.

முதல் பாடம்! ஷோதிக்கு உயிர் வந்தது. “ஆம். நான் குடை எடுத்து வர மறந்துவிட்டேன்.”

“என்ன சொல்றார்?” என்றார் தலைவர்.

“நம்ம வாய்க்காலைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்காராம்.”

கூட்டம் தலையாட்டியது. ஹான் கைகளை அகலமாக விரித்துக் காட்டி, பூட்ஸால் தரையை இரண்டு முறை மிதித்தார்.

“தயவுசெய்து சொல்லுங்கள். நாடக அரங்கம் எங்கே இருக்கிறது?”

ஆறாம் பாடம். வாய் தானாகவே ஓடியது. “இடதுபுறம் திரும்புங்கள். வங்கிக்கு அருகில் இருக்கிறது.”

ஹான் இடதுபுறம் திரும்பினார். அங்கே தலைவரின் வீடுதான் இருந்தது. நேராகப் போய், தலைவரின் வெங்காயப் பாத்தியில் நான்கு சிவப்பு அடையாளக் கம்புகளை அடித்தார்.

தலைவரின் முகம் வெளுத்தது. “டேய் ஷோதி! ஏன்டா என் பாத்தியில கம்பு அடிக்கிறார்? ரோடு என் வீட்டு மேலயா வருது?”

“சும்மா அளவு பார்க்கறார்...”

“நீ என்னடா சொன்னே?”

“வாய்க்காலைக் காப்பாத்தணும்னுதான்.”

“அதுக்கு என் வீட்டைக் குடுத்திட்டியா?”

“ஒரு வீடுதானே தலைவரே,” என்று கூட்டத்தில் ஒரு குரல் சமாதானம் சொன்னது. “மரம் நாப்பது வீட்டுது.”

தலைவர் மண்வெட்டியைத் தேடினார். ஷோதி ஹானிடம் ஓடினான். மாற்றிச் சொல்லியாக வேண்டும். வாயில் வந்தது பத்தாம் பாடம்: “மன்னிக்கவும். எனக்கு இருவருக்கான அறை வேண்டும். ஜன்னலோடு.”

ஹான் திகைத்து, கொஞ்சம் யோசித்து, மேலும் இரண்டு கம்புகளை அடித்தார்.

ஷோதி வெங்காயத்தின் நடுவிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கல்யாண விருந்துகள் கண்முன் ஒருமுறை வந்து போயின. அதற்குப் பின்னால் நாற்பது வீட்டு மரங்களும் காய்ந்து நின்றன.

“எனக்கு ரஷ்யன் தெரியாதுங்க!” என்று தாஜிக்கில் கத்தினான். “பன்னெண்டு வருஷமும் மூட்டைதான் தூக்கினேன். எவனும் என்கிட்ட பேசினதில்லை. ஐயா, உங்களுக்குப் புரியுதோ இல்லையோ, எங்களுக்குத் தண்ணி வேணும். ரோட்டுக்கு அடியில ஒரு குழாய் போட்டுக் குடுங்க!”

ஊரே தலைவரைத் திரும்பிப் பார்த்தது. ஹான் மட்டும் நெடுநாள் சுமையை இறக்கியவர் போல நீண்ட மூச்சு விட்டார். ஜீப்பிலிருந்து ஜமோல் விதைத் தோலைத் துப்பினான்.

“இதை முதல்லயே சொல்லியிருந்தா நானும் நாலு நாள் வண்டியில நிம்மதியா பாட்டுக் கேட்டிருப்பேன் அண்ணே. எட்டு வருஷமா இங்க ரோடு போடுற எங்க சாருக்கு நம்ம தாஜிக் நல்லாவே தெரியும்; நீங்க ரஷ்யன் தவிர வேற பேசமாட்டீங்கன்னு உங்க தலைவர் போன்ல என்கிட்ட சொன்னாருன்னுதான் அந்தப் பாழாப்போன பாடத்தையே போட்டுக் கேட்டார். உங்க குழாய் போன வாரமே வந்து இறங்கிடுச்சு, அதை எந்த இடத்துல பதிக்கணும்னு கேக்கத்தான் வந்தோம்!”