கட்டம் கட்டமாக ஒரு ஞாயிறு

எழுந்திருங்கள். அந்த நாற்காலியை விட்டு ஒரே ஒரு முறை எழுந்திருங்கள்.

மவுரீன் இதை வாய் திறந்து சொல்லவில்லை. மூன்று மாதமாகவே சொல்லவில்லை. அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருடம் பாய்லரைக் கட்டி மேய்த்த அவள் கணவர் அமலதாஸ், ஓய்வு பெற்ற மறுநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். குழாய் ஒழுகினாலும் எழவில்லை. மின்விசிறி முனகினாலும் எழவில்லை. ஆலை இரைச்சலில் எந்த வால்வு இருமுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்ன மனிதர்.

“இங்க பாருங்க,” என்றாள். “டிவில எல்லாம் கட்டம் கட்டமா வருது.”

டிவி பெட்டியில் மகள் கெய்ட்லின் தனியாக இறக்கிப் போட்டுத் தந்த மென்பொருள் அது. பென்டிரைவில் கிடக்கும் படம், பாட்டு எல்லாவற்றையும் பெயரோடு அடுக்கிக் காட்டும். இன்று தமிழ்ப் பெயர்கள் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டங்கள். ஐந்து மணிக்கு வீட்டில் நடக்கும் அன்பிய ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு, மாதா கோயில் திருவிழாவில் கெய்ட்லின் பாடியதைப் போட்டுக் காட்ட வேண்டும். நாற்பது வீடியோவில் அது எது?

“ஆளக் கூப்புடு லா.”

“ஞாயித்துக்கெழம யாருங்க வருவா?”

பெருமூச்சு. நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டார்.

முதல் கட்டத்தை அமுக்கினார். திரை முழுக்க ஓர் ஆடு.

“கெய்ட்லின் ஞானஸ்நான விருந்துக்கு வாங்குன ஆடு,” என்றார். “அவ விசேஷந்தான். ஆனா அவ இல்ல.”

“அடுத்தத அமுக்குங்க.”

“ஒவ்வொன்னா அமுக்குறதுக்குப் பேரு வேலையா? தமிழ்ப் பேருதானே தெரியல? பெட்டியோட மொழியத் தமிழுக்கு மாத்துனா தானா படிச்சுக்கும்.”

மாற்றினார். அதுவரை ஆங்கிலத்தில் இருந்த பட்டியல்களும் கட்டங்களாயின.

“இப்ப ஒன்னுமே தெரியலயே!”

“பதறாத. எத்தனாவது வரின்னு ஞாபகம் இருக்கு.”

எண்ணி அமுக்கினார். ஒரு வரி தப்பியது. திரை இடம் வலமாகப் புரண்டது. எழுத்துகள் வலப்பக்கத்திலிருந்து அரபு மொழியில் நடக்கத் தொடங்கின.

“நான் வேணும்னா எதிர்ப்பக்கம் நின்னு பாக்கவா?” என்றாள் மவுரீன்.

“வாய மூடிட்டு ஒரு நோட்டுப் புக்கு கொண்டா.”

கொண்டுவந்தாள். அவர் கோடு போட்டு எழுதத் தொடங்கினார். பாய்லர் அறையில் மணிக்கொரு தரம் அழுத்தத்தைக் குறித்து வைத்த அதே கை, அதே சாய்ந்த எழுத்து. ‘4.12. கீழே மூணு, ஓகே. பலன்: இல்லை.’ ‘4.15. கீழே அஞ்சு, வலது ஒன்னு. பலன்: மோசம்.’ ‘4.19. தோற்றம் மாத்தியது. பலன்: படு மோசம்.’

திரை இப்போது வீங்கி, ஓரங்கள் டிவிக்கு வெளியே போயிருந்தன. வேறு யாராக இருந்தாலும் ரிமோட்டை எறிந்திருப்பார்கள். அமலதாஸோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முன்னால் சாய்ந்தார். புருவத்தில் வியர்வை. அந்த முகத்தைத்தான் மவுரீன் இருபத்தெட்டு வருடம் முன்னால் ஆலை வாசலில் பார்த்து நின்றாள். ஓர் இயந்திரம் தன்னை ஏமாற்றுவதை ஒப்புக்கொள்ளாத முகம். அழகன் என்று யாரும் சொன்னதில்லை, சொல்லத் தெரியாதவர்கள்.

“வுடுங்க, நானே பாடிக் காட்டிடுறேன்,” என்று சீண்டினாள்.

“அதுக்கு அந்த ஆடே பரவால்ல.”

அவரே சிரித்தார். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. பிறகு விசிலடிக்கவும் ஆரம்பித்தார். மவுரீன் சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அங்கே வெங்காயமாவது சாக்கு.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கங்கா வந்தாள், கூட்டத்துக்குக் கேட்டிருந்த கறிபாப் பலகாரத் தட்டோடு. கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஐயய்யோ, என்னக்கா, டிவி இப்படிக் கெடக்கு?”

“அவரு பாத்துக்கிட்டிருக்காரு.”

வாசலில் முதல் கார் வந்து நின்றது. கூடத்திலிருந்து குரல் வந்தது. “மவுரீன், பேனா தீந்துபோச்சு! வேற கொண்டா! கண்டுபுடிக்காம இன்னிக்கு சோறு கெடையாது!”

கங்கா திரையைப் பார்த்தாள், மவுரீனைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“ஏங்க்கா, நேத்து எங்க வீட்டுப் பெட்டில எழுத்த மாத்தி, கட்டம் வர வச்சு, திரும்ப சரி பண்ணின்னு நாலு தடவ பழகிப் பாத்துட்டுப் போனீங்களே, அது இதுக்குத்தானா? ஒரு நிமிஷ வேலக்கா, ஆளுங்க வந்தாச்சு, போய் மாத்தி வுட்டுடுங்க.”

மவுரீன் இழுப்பறையிலிருந்து ஒரு புதுப் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

“மாட்டேன்,” என்றாள் மெதுவாக.