நடுவில் ஓடாத மூன்று பேர்

மதிப்பிற்குரிய அத்தான் ஓர்வில் அவர்களுக்கு ப்ரூனோவில்லிலிருந்து உங்கள் மைத்துனன் எமில் க்ருபிச்கா எழுதிக்கொண்டது. நானும் டார்லீனும் சௌக்கியம். சோளம் அறுத்து முடிந்தது, முதல் உறைபனியும் விழுந்துவிட்டது. அக்காவுக்கு முழங்கால் இப்போது மடங்குகிறதா என்று தெரியப்படுத்தவும்.

என் ஃபுட்பால் அணியைப் பற்றி உங்கள் லிங்கன் நகரத்தில்கூடச் சிரிக்கிறார்கள் என்று அக்கா செப்டம்பரில் எழுதியிருந்தாள். அது பழைய செய்தி. நடந்தது முழுவதையும் கோச் வாயாலேயே நீங்கள் கேட்பதுதான் முறை.

இருபத்துமூன்று வருடமாகப் பள்ளிக்கூடத்து அணியை நான் எப்படி ஆட வைக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பந்தைக் கையில் வாங்கி அணைத்துக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் இடத்தில் ஊரிலேயே கனமான பையனை நிறுத்துவேன், அவன் தலையைக் குனிந்துகொண்டு நடுவிலேயே முட்டி நாலு கஜம் போவான், மறுபடி முட்டுவான், மறுபடி நாலு கஜம். இந்த வருடம் அப்படி ஒருவனும் இல்லை. கிடைத்தது மூன்று பேர். தியோ பாரியன்டோஸ் முயல் மாதிரி ஓடுவான், ஆனால் நனைந்த சட்டையோடு நிறுத்தாலும் அறுபது கிலோ தாண்டமாட்டான். வான்ஸ் டோலெசல் ஆறடி நாலங்குலம். எதை எறிந்தாலும் பிடிப்பான், ஓடச் சொன்னால் மட்டும் ஏணி நடந்து போவது போலிருக்கும். கஸ் ஓஸ்டர்மன் குளிர்பதனப் பெட்டி அகலம். சரி, இவன்தான் என் ஆள் என்று தோளில் தட்டினேன். அவன் தயங்கித் தயங்கி, "பந்து நமக்கு ஒத்துவராது கோச். யாரையாவது இடிச்சுத் தள்ளணும்னா சொல்லுங்க" என்றான்.

பழகினால் சரியாகிவிடும் என்று மூன்று பேரையும் மாற்றி மாற்றி நடுவிலேயே அனுப்பினேன். தியோ ஆறு பேருக்கு அடியில் போனான். குவியலைப் பிரித்தால் பந்து இருக்கிறது, ஒரு ஷூ இருக்கிறது, அவன் எப்படியோ கடைசியில் புல்லும் வாயுமாக வந்தான். வான்ஸ் நிமிர்ந்தே ஓடியதால் எதிரணிப் பையன்கள் அவன்மேல் மரம் ஏறுவது போல் ஏறினார்கள். கஸ்ஸோ, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பந்தை மிகுந்த மரியாதையோடு நடுவர் கையில் கொடுத்துவிட்டு, ரொம்ப நேரமாக மனதில் வைத்திருந்த ஒருவனைப் போய் இடித்துத் தள்ளினான். முதல் ஆட்டம் நாற்பத்திரண்டுக்குச் சைபர். இரண்டாவது முப்பத்தெட்டுக்கு மூன்று. தலைமையாசிரியை ஹாகெடோர்ன் அம்மாள் என்னை அறைக்கு அழைத்து, பிளாட் ஸ்பிரிங்ஸ் ஊரோடு ஆடும் கடைசி ஆட்டத்திலும் தோற்றால் அடுத்த வருடம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு மட்டும் போதும் என்றார்.

அன்று சாப்பிடும்போது டார்லீன் ஏதோ சொன்னாள். "கஸ் பந்தே வேண்டாம்ங்கிறான். அப்புறம் எதுக்கு அவன் கையிலயே திணிக்கிறீங்க?" என்பது போல. நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து படம் வரைந்தேன். கஸ்ஸுக்குப் பந்து கிடையாது, முன்னால் போய் வழியைத் திறப்பது மட்டும் அவன் வேலை. தியோ அவன் பின்னால் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடவேண்டும். வான்ஸ் ஓடப்போவதாகப் பாவனை காட்டிவிட்டு நழுவி, தூரத்தில் நின்று பந்தைப் பிடிக்கவேண்டும். ஒரு வாரம் தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொடுத்தேன். பையனுக்கு என்ன வருகிறதோ அதற்கு ஏற்ற வேலையைக் கொடுப்பவன்தான் கோச், இதை நான் கண்டுபிடித்தது பலருக்குத் தெரியாது. அடுத்த ஐந்து ஆட்டமும் ஜெயித்தோம்.

கடைசி ஆட்டத்தில் இரண்டு நிமிடம் பாக்கி, நாலு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். மைதானமே என்னைப் பார்க்கிறது. நான் பதறவில்லை, அத்தான். நிதானமாகக் கையை உயர்த்திச் சைகை காட்டினேன். கஸ் இரண்டு பேரை மல்லாத்தினான், தியோ வெளியே பாய்ந்தான், பிளாட் ஸ்பிரிங்ஸ் பையன்கள் மொத்தப் பேரும் அவன் பின்னால் ஓடினார்கள். பந்து அவனிடம் இல்லவே இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல நின்றிருந்த வான்ஸ் கையில் வந்து விழுந்தது. ஆறு புள்ளி, ஆட்டம் எங்களுடையது. ஹாகெடோர்ன் அம்மாள் மைதானத்துக்கே இறங்கிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதை லிங்கனில் சிரித்தவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி அக்கா சொல்லவேண்டும் என்பது என் விருப்பம்.

அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்களுக்கு என்றும் மாறாத மரியாதை.

இப்படிக்கு,
எமில்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மூன்று பையன்களும் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். உட்காரவைத்து இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கஸ், "கோச், கடைசில நீங்க காட்டினது நடுவுல போற சைகை" என்றான். அந்த ஒரு தடவைதானா என்று கேட்டேன். ஆறு ஆட்டத்திலும் நெருக்கடி வந்தபோதெல்லாம் அதையேதான் காட்டினேனாம். அப்புறம் ஏன் நடுவில் போகவில்லை என்றதற்குத் தியோ தரையைப் பார்த்துக்கொண்டே, "உங்க வீட்டம்மா அப்பவே வந்து சொல்லிட்டாங்க கோச். அவருக்கு இருபத்துமூணு வருஷப் பழக்கம், கை கேக்காது, நடுவுலன்னு காட்டினா வெளியன்னு எடுத்துக்கங்கன்னு" என்றான். என் படம் தலைகீழாக இருந்ததால் அவளே வேறு வரைந்தும் கொடுத்திருக்கிறாள். சமையலறைக்குப் போய் டார்லீனைக் கேட்டேன். கோலாச் ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுக்காமலே, "ஜெயிச்சீங்கல்ல?" என்றாள். ஆறு பக்கத்தையும் திருத்தி எழுத எனக்கு நேரமில்லை. இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டு, மீதியை அக்காவிடம் கொடுக்கவும்.