வீட்டை இருந்தபடியே ஒப்படைப்பது பற்றி

மத்திகிரி,
6-11-1955, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மைத்துனர், கிருஷ்ணகிரி புளி மண்டி வெங்கடப்பன் அவர்களுக்கு, மத்திகிரி மாட்டுப் பண்ணைத் தீவனக் கிடங்கு திம்மராயன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் தங்கை முனிலட்சுமியும் இந்தத் தேதி வரைக்கும் தங்கள் கூரைக்குக் கீழே சௌக்கியம். அடுத்த மாதம் எந்தக் கூரைக்குக் கீழே சௌக்கியமாக இருக்கப்போகிறோம் என்பது தெரிந்ததும் எழுதுகிறேன். தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் மணப்பெண் பூவம்மாளும் மண்டியும் க்ஷேமம் என்று தங்கள் கடிதத்தில் கண்டு சந்தோஷம். க்ஷேமத்துக்கு அடுத்த வரியிலிருந்துதான் சந்தோஷம் நின்றுவிட்டது.

தங்கள் கடிதத்தை நான் எனக்காக ஒரு தடவையும், முனிலட்சுமிக்குப் படிக்கத் தெரியாததால் அவளுக்காக ஒரு தடவையும், இப்படியும் ஒரு மனிதர் எழுதுவாரா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவையும் படித்தேன். பூவம்மாளுக்குத் தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை ராமப்பனுக்கு இங்கே பக்கத்தில் ஓசூரில் வாத்தியார் வேலை, ஆகையால் நாங்கள் இருக்கிற இந்த வீட்டைப் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிறீர்கள். மார்கழியில் வீடு மாறக் கூடாது என்பதால் நாங்கள் கார்த்திகைக்குள் காலி செய்ய வேண்டும். சரி. திரை, அலமாரி, தகரத் தூம்பு, துளசித் தொட்டி ஒன்றையும் கழற்றாமல் வீட்டை இருந்தது இருந்தபடியே ஒப்படைக்க வேண்டும். அதுவும் கிடக்கட்டும். மூன்றாவதாக, பூவம்மாளுக்குக் கை பழகும் வரைக்கும் முனிலட்சுமி செவ்வாயும் வெள்ளியும் மாப்பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு கொல்லைப்புறமாக வந்து, தரை மெழுகிவிட்டு, அவர் திரும்புவதற்குள் போய்விட வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, அதை நான் படித்தபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். தங்கள் தங்கை வேலையைப் பாதியில் விடுகிறவள் அல்ல என்பது தங்களுக்கே தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தாங்கள் இந்த வீட்டை எங்களுக்குத் திறந்துவிட்ட அன்று உள்ளே வௌவால்கள் குடியிருந்தன. சுவரில் கை வைத்தால் சுவர் கையோடு வந்தது. தாங்கள் உள்ளே கால் வைக்காமல் வாசலிலேயே நின்று, "வாடகையெல்லாம் ஒண்ணும் வேணாம் முனி, வீடு கலையாம பாத்துக்கிட்டா போதும். ஒன்னுதுன்னே நெனச்சிக்க" என்றீர்கள். அப்படி நினைத்துக்கொண்டதுதான் நாங்கள் செய்த தப்பு. பண்ணைக்குப் பால் கடையும் எந்திரம் வந்த மரப்பெட்டியை அதிகாரியிடம் கேட்டு வாங்கி அலமாரி செய்தேன். அதில் இங்கிலீஷ் எழுத்து தலைகீழாக நின்றது, முனிலட்சுமி செம்மண்ணால் அதன்மேல் கொடியும் இலையும் வரைந்து மறைத்தாள். மண்ணெண்ணெய் டின்னை நீளவாக்கில் வெட்டிக் கூரைத் தண்ணீருக்குத் தூம்பு வைத்தேன். மிஞ்சியதில் துளசித் தொட்டி ஆயிற்று. கிழிந்த தீவனச் சாக்கைப் பிரித்து, மூன்று தடவை வேகவைத்துத் துவைத்து, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து மாடு ஓட்டி வந்தவர்கள் கொடுத்த குன்றிமணியைக் கோத்து ஓரம் கட்டி, நடுவாசலுக்கு அவள் ஒரு திரை போட்டாள். கலெக்டர் பங்களாவில்கூட அப்படி ஒரு திரை இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் கலெக்டர் பங்களாவுக்குள் போனதில்லை. பண்ணையில் வேலை என்பதால் சாணிக்குப் பஞ்சமில்லை. செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் மெழுகி மெழுகி அந்தத் தரையில் இப்போது முகம் தெரிகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, மச்சான். பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பொட்டு வைக்கிற மாதிரி இந்த வீட்டுக்குச் செய்தோம். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

இப்படியே இருந்திருக்கலாம். ஆவணியில் தாங்கள் ஒரு கடிதம் போட்டீர்கள். கிருஷ்ணகிரி வீட்டில் கூடம் முழுக்கப் புளி மூட்டை, வருகிறவர்களுக்கு உட்கார இடமில்லை, மாப்பிள்ளையும் ஓசூரிலேயே இருக்கிறார், ஆகையால் "உங்கள் வீட்டில்" வைத்துப் பெண் பார்க்கலாம் என்று எழுதினீர்கள். இப்போதைய கடிதத்தில் "என் வீட்டை" என்று இருக்கிறது. இரண்டு கடிதத்தையும் ஒரே பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். அவை தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

அன்று நடந்ததைத் தாங்கள் தங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது என் நாக்கின் வேலை. சாமல்பட்டியிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் மாரம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். பூவம்மாள் நல்ல பெண்தான், ஆனால் மாரம்மா "ஒனக்கு என்னம்மா வேலை தெரியும்?" என்று கேட்டபோது அவள் தரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார், மறுபடியும் தரை. தாங்கள் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். தங்கள் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து அந்த அம்மாள் திரையைத் தொட்டு, "இத யாருங்க கோத்தது?" என்று கேட்டார். "எங்க பூவுதாங்க. இங்க வந்தா அவ கை சும்மா இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் யாராவது அந்தத் திரையைப் பாராட்டினால் எனக்குத் தலைகால் புரியாது. எழுந்து போய் அலமாரியைக் காட்டினேன். அந்தக் கொடி பூவம்மாள் வரைந்தது. தொட்டியைக் காட்டினேன். அந்தத் துளசி பூவம்மாள் வைத்தது. தாய்மாமன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பார்த்ததற்கெல்லாம் "பாகுந்தி, பாகுந்தி" என்று மெச்சினார். கடைசியில் மாரம்மா சுவரில் விரலை வைத்துத் தேய்த்து விரலைப் பார்த்தார். சுண்ணாம்பு ஒட்டவில்லை. "ஏன் ஒட்டல?" என்றார். "கள்ளிச் சாறு கலந்து அடிச்சதுங்க. சப்பாத்திக் கள்ளி. முள்ள எடுத்து, நசுக்கி, ரெண்டு நாள் ஊற வெச்சி. அதுவும் பூவுதாங்க" என்றேன். சமையலறை வாசலில் முனிலட்சுமி கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். ஏழு வருஷமாக முள் எடுத்த அவள் விரல்களைத்தான் நான் பூவம்மாள் கணக்கில் எழுதிவிட்டேன்.

பிறகு அந்த அம்மாள், "பொண்ணு வாய் பேசலன்னா போவுது, கை பேசுதே. இந்த வீட்ட இப்பிடியே குடுத்துடுங்க, வேற சீரு ஒண்ணும் எங்களுக்கு வேணாம்" என்றார். தாங்கள் என் பக்கம்கூடத் திரும்பவில்லை. "அதுக்கென்னங்க" என்றீர்கள். அதுவரைக்கும் கடிக்காமல் வைத்திருந்த முறுக்கை அப்போதுதான் கடித்தீர்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இங்கே ஓசூர்க் கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் இந்தத் தாலுக்கா சென்னையோடு இருக்குமா, மைசூரோடு போகுமா என்றுதான் பேச்சு. அதற்கு டில்லியில் ஒரு கமிஷன் போட்டு, ஊர் ஊராகப் போய் மனு வாங்கி, ஜனங்களைக் கேட்டு எழுதினார்கள். எங்களைத் தாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டை இருந்தபடியே ஒப்படைக்கச் சொல்கிறீர்கள். இது இருந்தபடியே இருக்கிற வீடு என்று யார் தங்களுக்குச் சொன்னது? இது தினமும் விழப் பார்த்து, தினமும் நாங்கள் பிடித்து நிறுத்துகிற வீடு. எப்படி நிறுத்துகிறோம் என்பதைச் சொல்ல மாட்டேன். பெங்களூர்ப் பக்கமிருந்து மழை வந்தால் சமையலறைக் கூரையில் மூன்றாம் வரிசையில் ஐந்தாவது ஓடு நகரும். அதை உள்ளேயிருந்து கோலால் மெல்ல நெட்ட வேண்டும். எந்தக் கோல் என்று நான் சொல்லப்போவதில்லை. கதவுக்குப் பின்னால் நுனியில் துணி சுற்றிச் சாத்தியிருக்கிற கோல். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு ஏழு வருஷமாக ஒரு தொல்லையும் வந்ததில்லை; இந்த வருஷம்தான் தபாலில் வந்தது. கொல்லைக் கதவை இடது காலால் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் தாழ் போட வேண்டும். இதையும் சொல்ல மாட்டேன் என்றுதான் இருந்தேன். தூம்பில் இலை அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும், ஆகையால் சனிக்கிழமைதோறும் ஏணி வைத்துப் பார்க்க வேண்டும், ஏணியின் இரண்டாம் படியில் கால் வைக்கக் கூடாது. வாத்தியாருக்கு இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? கல்யாணமான மூன்றாம் மாதம் மாரம்மா வந்து சுவரில் விரலைத் தேய்ப்பார். விரல் வெள்ளையாகும். அன்றைக்குத் தங்கள் மகள் எந்தத் தரையைப் பார்ப்பாள்? அந்தத் தரையில் அப்போது முகம்கூடத் தெரியாது.

ஆகையால் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் கையால் செய்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு, வௌவாலுக்கு இருந்தபடியே வீட்டை ஒப்படைப்பது. குறடு எடுத்துக்கொண்டு முதலில் அலமாரியைக் கழற்றினேன். பின்னால் சுவரில் என் தலை அளவுக்கு ஒரு பொந்து. அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை. மண் குழைத்து அடைத்தேன். அடைத்த இடம் தனியாகத் தெரிந்தது, ஆகையால் அந்தப் பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தேன். அடித்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் சுவர் மொட்டையாக இருந்தது. "ஏதாச்சும் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்" என்றாள் முனிலட்சுமி. அலமாரியை மறுபடி மாட்டினேன். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தங்களுக்கு எதிராக நான் செய்த கலகம் தங்கள் சுவருக்கு ஒரு பூச்சாக முடிந்தது.

இப்போது என் பதில். வீட்டைக் காலி செய்கிறோம். பொருள்களை வைத்துவிட்டே போகிறோம். எடுத்துப் போய் எங்கே மாட்ட? ஆனால் மூன்றாவது விஷயம் நடக்காது. என் மனைவி தான் மெழுகிய தரைக்குக் கொல்லைப்புறமாகத் திருடி மாதிரி வர மாட்டாள். பண்ணைக்குப் பின்னால் கரியப்பன் என்பவருடைய வீடு ஒன்று காலியாக இருக்கிறது, பார்த்துவிட்டு வந்தோம். கூரையில் வானம் தெரிகிறது, தரையில் எலி தெரிகிறது. தெரியட்டும். அவர் வீடு, அவர் எலி. இனிமேல் இன்னொருவர் சுவரில் நான் ஓர் ஆணி அடித்தால் என்னை மனுஷன் என்று சொல்ல வேண்டாம். ஒழுகினால் தள்ளிப் படுப்போம்.

பூவம்மாள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் வாய் திறக்காததற்கு நான் பேசியது என் தப்பு. அவளும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், மழை பெங்களூர்ப் பக்கமிருந்து வராமல் கிழக்கிலிருந்தே பெய்ய வேண்டும் என்று திம்மராயசாமியை வேண்டிக்கொள்கிறோம். கல்யாணத்துக்கு வருவோம். மேளம் கொட்டிய பிறகு வந்து, இலை எடுப்பதற்கு முன்னால் கிளம்பிவிடுவோம். தங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். மண்டிக்கும்.

இப்படிக்கு,
ஏழு வருஷம் கலையாமல் பார்த்துக்கொண்ட
திம்மராயன்.

பின்குறிப்பு: கார்த்திகை 12. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மூன்று வாரமாக நேரம் கிடைக்கவில்லை. கரியப்பன் வீட்டுக்கு வந்துவிட்டோம். முதல் நாள் ஒழுகியது, தள்ளிப் படுத்தோம். இரண்டாம் நாள் தள்ளிப் படுக்க இடமில்லாததால் நான்கு ஓடு மட்டும் மாற்றினேன். அதற்கு ஏற வேண்டியிருந்ததால் ஏறியது ஏறியாயிற்று என்று தூம்பும் வைத்தேன். கள்ளி ஊறிக்கொண்டிருக்கிறது. முனிலட்சுமி சாக்கு வேகவைத்துவிட்டாள். அவள் செவ்வாயும் வெள்ளியும் தங்கள் பூட்டிய வீட்டுக்கும் போய்த் தரை மெழுகிவிட்டு வருகிறாள் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். இன்னொரு சாவி அவள் முந்தானையிலேயே இருந்திருக்கிறது. கேட்டதற்கு, "அண்ணனுக்காக ஒண்ணும் இல்ல. விட்டா வெடிச்சிடும், தரை பாவம்" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகும் போவாள் போலிருக்கிறது. நான் மேலே எழுதிய மூன்றாவது விஷயத்தைத் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளவும்.

இன்று காலையில் கரியப்பன் வந்தார். வாசலிலேயே நிற்காமல் உள்ளே வந்து, சுவரை, தூம்பை, கோத்து வைத்த குன்றிமணியை எல்லாம் நிதானமாகப் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நாலு பேர் வருகிறார்களாம், இங்கே உட்கார வைத்துக் காபி கொடுக்கலாமா என்று கேட்டார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குள் திரையை முடித்து மாட்ட வேண்டும்.