வாசலில் நாலு குத்து நெல்

ஆசையாக வளர்த்த தோட்டத்தை ஒரே காலைப் பொழுதில் ஒழித்துக் கட்டுவது எப்படி என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். ஆள் வைத்து, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து ஒழித்துக் கட்டியவன் நான்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் மீசை முளைத்த எவனையும் வீட்டில் விட்டுவைக்க மாட்டார்கள். பாஸ்போர்ட் எடுத்துச் சபுருக்கு, அதாவது வெளிநாட்டுப் பிழைப்புக்கு, அனுப்பிவிடுவார்கள். சவூதியில் ஒரு மளிகைக் கடையில் இருந்த என் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), ஐப்பசியில் லீவில் வருவதாகவும், கையோடு எனக்கு விசா கொண்டுவருவதாகவும் கேசட்டில் பேசி அனுப்பியிருந்தார்.

எனக்குப் போக விருப்பமில்லை. ஏதோ காதல் விவகாரம் என்று அம்மா சந்தேகப்பட்டார் (அதற்கெல்லாம் எனக்கு ஏது துப்பு!). உண்மையில் நான் காட்டுப்பூக்களிடம் மயங்கிக் கிடந்தேன். வேலியோரமும் வாய்க்கால் கரையிலும் கிடந்த செங்காந்தள், சங்குப்பூ, ஆவாரை எல்லாவற்றையும் வேரோடும் கிழங்கோடும் கொண்டுவந்து வாசலில் நட்டிருந்தேன். வெயிலில் செங்காந்தள் இருந்த இடம் தெரியாமல் காய்ந்துபோகும். மழை விழுந்ததும் அதே கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

பதில் கேசட்டில் வீரமாகப் பேசினேன். "அத்தா, நம்ம மண்ணுச் செடியா வச்சு ஒரு தோட்டம் போட்டிருக்கேன். வந்து பாருங்க. புடிச்சிருந்தா இங்கேயே நர்சரி வச்சுப் பொழைச்சுக்குறேன். புடிக்கலைன்னா பிளேன்ல ஏத்திவிடுங்க." என்னென்ன செடி என்று மட்டும் சொல்லவில்லை. நேரில் பார்த்து அசந்துபோகட்டும் என்ற மிதப்பு.

அத்தா வரும் வாரம், நட்டதிலிருந்து முதல்முறையாகச் செங்காந்தள் மொட்டு விட்டது. கூடவே கோரையும் புல்லும் மண்டிவிட்டன. "சபுராளி வீட்டு வாசலா இது? ஊரு சிரிக்கும்" என்று அம்மா புலம்பினார். வயலில் களையெடுக்கும் பெண்கள் நாலைந்து பேரைக் கூட்டிவந்தேன். அவர்களில் மூத்தவரான செல்லம்மாக்கா முறையாகத்தான் கேட்டார்.

"எது களைன்னு ஒரு தடவ காட்டிட்டுப் போங்க தம்பி."

அத்தாவை அழைத்துவரத் திருச்சி விமான நிலையத்துக்குப் போக வாடகைக் கார் நின்றுகொண்டிருந்தது. நான் புதுச் சட்டையில் இருந்தேன். சேற்றில் இறங்குவதாவது!

"உங்களுக்குத் தெரியாத களையாக்கா?" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். (அந்த நேரம் பார்த்து வாயில் ஒரு கொழுக்கட்டை இருந்திருக்கக் கூடாதா!)

திரும்பி வரும்போது தஞ்சாவூர் தாண்டியதிலிருந்து இரண்டு பக்கமும் சம்பாப் பயிர். கண் வலிக்கும்வரை நெல், நெல், நெல். அத்தா அதைப் பார்த்துக்கொண்டே வர, நான் தோட்டத்தின் பெருமையை அளந்துகொண்டே வந்தேன்.

வாசலில் இறங்கினோம். தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. செல்லம்மாக்கா கையைக் கழுவிக்கொண்டே வந்தார்.

"ஒரு பொட்டு களை இல்ல தம்பி. கெழங்கெல்லாம் ஆழத்துல இருந்துச்சு, விடலையே, நோண்டி எடுத்துட்டோம். ஆவாரம்பூவ மட்டும் அம்மாகிட்ட குடுத்திருக்கோம், குளிக்க ஆகும்."

வெறும் மண்ணுக்கு நடுவே நாலு குத்து நெல் நின்றது. அம்மா புடைத்தபோது சிதறி, மழையில் தானாக முளைத்த நெல். அதைச் சுற்றி மண்ணை அணைத்துக்கூட விட்டிருந்தார்கள்.

"நெல்லுல யாரும் கை வைக்கலைங்க" என்றார் செல்லம்மாக்கா பெருமையாக.

அத்தா குனிந்து பார்த்தார். "இதாடா அந்தத் தோட்டம்?"

எனக்கு அழுகை வந்தது. சத்தியமாக வந்தது.

"இல்லத்தா, இங்க செங்காந்தள் இருந்துச்சு. அங்க சங்குப்பூ..."

"எங்கடா?"

காட்டுவதற்கு ஒரு இலைகூட மிச்சமில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் தோளில் கையைப் போட்டு, காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோல் பேசினார். "வழியெல்லாம் பாத்துக்கிட்டே வந்தேனேடா, ஊரே நெல்லாக் கெடக்கு. நீ வாசல்ல நாலு குத்து வளத்துட்டு அதுக்கு நர்சரிங்குறியே."

அம்மாவிடம் தனியாக, "பையன இங்க வச்சிருந்தா புத்தி பேதலிச்சுடும்" என்றார். அவர் லீவு முடிவதற்குள் நான் சவூதியில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அத்தா எப்போதோ ஊரோடு போய்விட்டார். நான்தான் இன்னும் இங்கே சவூதியில் இருக்கிறேன். எனக்கு லீவு கிடைப்பதெல்லாம் கோடையில், வாசல் மொட்டையாகக் கிடக்கும்போது. ஐப்பசி பிறந்தால் அம்மாவிடமிருந்து தவறாமல் போன் வரும்.

"டேய், மண்ணுல என்ன மிச்சம் கெடந்துச்சோ, வாசல்ல இந்த வருஷமும் செகப்பா பூத்துக் கெடக்குடா. செல்லம்மாவ வரச் சொல்லவா?"

பின்னாலிருந்து அத்தா குரல் கொடுப்பார். "நெல்லுல கை வைக்க வேணாம்னு சொல்லிடு!" வீடே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு, "இதழ் ஓரத்துல மஞ்சள் இருக்காம்மா?" என்று கேட்பேன். நான் நட்ட செங்காந்தள் பூத்து நான் நேரில் பார்த்ததே இல்லை.