தன் விரலுக்கே பயந்த கிளவுஸ் அக்கா

பாம்புக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாமியாருக்குப் பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தன் சொந்த விரலுக்குப் பயந்த ஒரே மனுஷி, நாகர்கோவில் மகளிர் விடுதியில் என் அறையில் இருந்த கிளவுஸ் அக்காதான்.

வீட்டில் வைத்த நல்ல பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. விடுதியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊர் திருவட்டாறு பக்கம். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆய்வகத்துக்குள் எல்லோரும்தான் கையுறை போடுவார்கள். அக்கா விடுதி வாசலிலேயே போட்டுக்கொள்வாள், ஆய்வகம் போனதும் அதை எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவாள். கொடியில் துணி எடுக்கவும் கையுறை, செருப்பு மாட்டவும் கையுறை. சாப்பிடும்போது மட்டும் கழற்றுவாள், அதுவும் மனசே இல்லாமல்.

வார்டனுக்கு ஆரம்பத்தில் பெரிய சந்தேகம். "இந்தப் பிள்ளைக்குக் கையில ஏதோ பரவுற சீக்கு இருக்கு, மறைக்கா" என்று தனித்தட்டு ஒதுக்கிவிட்டார். அக்காவுக்குப் பரம சந்தோஷம். தன் தட்டை இனி யாரும் தொட மாட்டார்களே!

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அக்கா, அப்படி என்னதான் இருக்கு நம்ம விரல்ல?"

"வெஷம், மக்கா" என்றாள் குரலைத் தாழ்த்தி. "ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு உண்டுல்லா, நம்ம தோல்ல இருக்க நொதி அதப் பாத்த எடத்துலயே தின்னுட்டுப் போயிரும். நான் ஆராய்ச்சி பண்ணுகதே அந்த ஆர்.என்.ஏ.வத்தான். அதுலயும் ரொம்பப் பொடிசு."

ரத்தத்தில் மிதக்கும் அந்தப் பொடி ஆர்.என்.ஏ. அத்தனை சீக்கிரம் அழியாது என்று அவளுடைய பேராசிரியரே சொல்லியிருக்கிறாராம். "அவரு சொல்லுவாரு. போச்சுன்னா எனக்கில்லா போச்சு!"

அவள் ஆராய்ந்த நோய் சரவாங்கி. முடக்குவாதம் என்றும் சொல்வார்கள். உடம்பைக் காக்க வேண்டிய படையே மூட்டைத் தாக்கும். "மூட்டுக்குள்ள செல்லுவ எல்லாம் கூச்சல் போட்டு வீக்கத்த வர வைக்கும். சத்தம் போடாதன்னு வாயப் பொத்த சில பொடி ஆர்.என்.ஏ. உண்டு. ஆனா சரவாங்கிக்காரங்க மூட்டுல, வாயப் பொத்துற ஆளுக்கே வாயப் பொத்துற வேற ஒரு ஆர்.என்.ஏ. கூடிப்போவும். பொறவு யாரு யாரை அடக்க?"

"நம்ம வார்டனுக்கே ஒரு வார்டன் வந்த மாதிரி" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. "செரிதான்" என்றாள்.

குளச்சலில் ஒரு மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் சம்மதித்துக் கொடுக்கும் ரத்தத்தையும் முழங்கால் நீரையும், ஐஸ் பெட்டியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவருவாள். ஒரு சனிக்கிழமை எனக்கு விடுமுறை. துணைக்குப் போனேன். திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் "அய்யோ" என்றாள். சாலையில் பள்ளம்தான் அதிகம்.

பக்கத்தில் மீன் விற்கும் அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "என்ன மீனு பிள்ள? நெய்மீனா?"

"மீனு இல்லம்மா. முட்டு நீரு."

"முட்டு நீரா? அத எங்ஙன வைப்பிய, கொழம்பா?"

அக்கா பெட்டியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

இராஜாக்கமங்கலம் வருவதற்குள் டயர் பஞ்சர். உச்சிவெயில். எல்லோரும் இறங்கி நின்றோம். பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அக்காவின் உதடு காய்ந்துவிட்டது. "போச்சு மக்கா, ஒக்க போச்சு" என்று பேருந்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மீன்கார அம்மா பார்க்கச் சகிக்காமல் தன் பாத்திரத்திலிருந்து ஐஸை இரண்டு கையாலும் அள்ளி நீட்டினாள். ஐஸில் மீன் செதில். ஐஸை அள்ளியதோ பத்து விரல். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "தாங்கம்மா" என்றாள். பெட்டிக்குள் இருக்கும் சோதனைக் குழாய்கள் மூடித்தானே இருக்கின்றன.

"ஏட்டி, நீ பெட்டியத் தொற."

கொக்கியை அழுத்தினேன். விரலின் அடிமூட்டில் சுருக்கென்று வலித்தது. கையை உதறினேன்.

அக்கா என் கையையே பார்த்தாள். பெட்டியைச் சாலையோரம் வைத்தாள். கையுறையை உருவி எறிந்துவிட்டு, என் உள்ளங்கையை இரண்டு பக்கமும் சேர்த்து மெல்ல அழுத்தினாள். நான் கத்திவிட்டேன்.

"காலைல எழும்பும்போ கைய மடக்க முடியுதா?"

"குளிச்சு, சாப்பிட்டு, ஆபீஸ் போய்ச் சேந்த பொறவுதான் செரியாவும்."

"ரெண்டு கையிலயுமா?"

"ஆமாக்கா. டைப் அடிச்சு அடிச்சு..."

"டைப்பும் இல்ல, ஒரு சவமும் இல்ல" என்றாள். என் கையை விடவில்லை.

"பிள்ள, ஐஸு உருகுது" என்றாள் மீன்கார அம்மா.

"உருகட்டும்மா."

நான் ஒரு பத்திரம் எழுதும் அலுவலகத்தில் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். விரல் ஓடினால்தான் பிழைப்பு. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் கடைசி எழுத்து போலவே இருந்தது. கோணிப்போன விரல்களின் படங்கள் அக்காவின் புத்தகங்களில் நிறைய உண்டு. நான் பார்க்கக் கூடாதென்று அவற்றைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தாள். குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டேன் என்பது வேறு கதை.

முடிவு வந்த அன்று மருத்துவர் அறைக்கு வெளியே அக்கா நடந்த நடையைப் பார்த்து, "சீக்கு உங்களுக்கா?" என்று நர்ஸ் அவளைத்தான் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

சரவாங்கிதான். ஆரம்ப நிலை, மூட்டு இன்னும் கெடவில்லை, சீக்கிரமே காட்ட வந்தது நல்லது என்றார் மருத்துவர். வெளியே வந்து, "உங்க பொடி ஆர்.என்.ஏ. என்னையக் கொணமாக்குமாக்கா?" என்று கேட்டேன். ஒரு பொய் சொன்னால் தேவலை என்றிருந்தது.

"இல்ல மக்கா" என்றாள். "அது இப்பம் மருந்து இல்ல. யாருக்கு எந்த மருந்து கேக்கும்னு அத வச்சு முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு தேடுகோம். அதுவும் இன்னும் உறுதியில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் வைத்தே என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "இங்க பாரு, பயந்து பேடிக்கது எனக்க வேல. அத நான் நல்லா செய்வேன். மாத்திரய முடக்காம திங்கது உனக்க வேல."

மாத்திரை கேட்க சில மாதங்கள் பிடித்தன. வீக்கம் வற்றியது. விரல் மறுபடி ஓடியது. இதையும் நானே தட்டச்சு செய்கிறேன். மீன் ஐஸில் வந்த அந்தச் சனிக்கிழமைக் குழாய்களை, நம்ப முடியாதென்று அக்காவே ஆய்விலிருந்து ஒதுக்கிவிட்டாளாம். என்னிடம் சொல்லவேயில்லை. அவளுடைய பேராசிரியர் ஒருமுறை விடுதிக்கு வந்தபோது சொல்லித்தான் தெரியும்.

பட்டம் வாங்கி, வேறு மாநிலத்தில் வேலையும் கிடைத்துப் போய்விட்டாள். தினமும் காலையில் கூப்பிடுகிறாள். கை எப்படி, மாத்திரை போட்டாயா, ரத்தப் பரிசோதனை எப்போது என்று ஒரே விசாரணை. வலி சுத்தமாக இல்லாத நாளிலும், "கொஞ்சம் இறுக்கம் இருக்குக்கா" என்றுதான் சொல்கிறேன். இல்லையென்று சொன்னால், சீக்கிரம் போனை வைத்துவிடுவாள்.