பேட்டர்ன் லாக் தெரியாத சாமி

வல்லத்திராக்கோட்டைக்கு அந்த வாரம் புதிதாக ஒரு பேய் வந்திருந்தது. புளியமரம் அலுத்துப்போய் செல்போனுக்குள் குடியேறிய பேய். பேங்க் ஆப்பைத் தொட்டால் திறக்கும், மறுநொடியே மூடிக்கொள்ளும். கேஸ் சிலிண்டர் ஆப்பும் அப்படியே.

சும்மா இருப்பாரா உடையப்பன்? திருக்கோகர்ணத்தில் ரீசார்ஜ் கடை நடத்தி நொடித்துப்போனவர், நெற்றி நிறையத் திருநீறு பூசி 'செல் சாமி' ஆகிவிட்டார். ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடும் ஐந்நூறு ரூபாயோடும் ஊரே வரிசையில் நின்றது. திரைச்சீலைக்குப் பின்னால் போன் போகும், மணி அடிக்கும், குணமாகி வரும். என்னே அருள்!

வரிசையில் அமுதவல்லியும் நின்றாள். நர்சிங் விண்ணப்பத்துக்கு இன்று ஐந்து மணிதான் கடைசி. அவள் போனிலும் அதே பேய். விட்டால் ஒரு வருடம் பாழ்.

"பொறாமக்காரி ஒருத்தி கண்ணு வச்சிட்டா. போனு மூணு நாளு இங்கயே இருக்கட்டும்" என்றார் சாமி.

"அஞ்சு மணியோட முடியுதுங்க."

"அப்ப அவசரப் பூசை. ரெண்டாயிரம்."

வாசல் அட்டை அவள் கண்ணில் பட்டது: 'லாக்கை எடுத்து, நெட்டை ஆன் செய்து தரவும்.' பேயை ஓட்ட நெட் எதற்கு? லாக்கை எடுக்காமலே போனை நீட்டினாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் திரைக்குள்ளிருந்து குரல்: "பேட்டர்ன் என்னம்மா?"

"கண்ணு வச்சவளத் தெரியுது, பேட்டர்ன் தெரியலயாங்க?"

சட்டென்று திரையை விலக்கினாள். உள்ளே, அவளுக்கு முன்னால் கொடுத்த ராசுவின் போன். பிளே ஸ்டோரில் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' அறுபத்து மூன்று சதவீதம் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது.

"இதாங்க பேயி!" என்று கத்தினாள். "ஆப்புக்குள்ள வெப்சைட்டக் காட்டுறது இந்த வெப்வியூதான். இது கெட்டா அத நம்பி இருக்குற ஆப்பு எல்லாம் படுத்துரும். அப்டேட் பண்ணுனா எந்திரிச்சிரும். காசு கெடையாது."

தன் போனிலும் அதே அப்டேட் பட்டனை அழுத்தினாள். நாலே காலுக்கு விண்ணப்பம் திறந்தது. 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று வந்தபோது கண் கலங்கிவிட்டது. சாமி பின்வாசல் வழியாக அங்கிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

ராசு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "ஏத்தா, அந்தப் பட்டன எந்தக் கெழமையில அமுக்குனா நல்லது?"

அமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒங்க மூளைய என்னிக்கித் தொறக்குறீங்களோ, அன்னிக்கி அமுக்குங்க மாமா!"