மேகலா அக்காவின் வரவேற்பும் மிச்சமான வெள்ளை ஒயரும்

மின்சாரம் தயாரிக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதை வாங்கினாலும் அதோடு வரும் குறிப்புத் தாளைப் படிக்க மாட்டோம். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மிக்ஸி ஓடவில்லை என்றால் அக்கம்பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று பேர் டெஸ்டரோடு வருவார்கள், மூன்று காரணம் சொல்வார்கள், கடைசியில் மிக்ஸி கடைக்குத்தான் போகும். எனக்கும் அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. (இப்போது இல்லை. இப்போது இருமல் மருந்து டப்பாவின் நான்கு பக்கத்தையும் படிக்கிறேன்.) அது குணமான இடம் என் அக்காவின் கல்யாண மேடை.

மேகலா அக்காவுக்கு சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. எரிந்துபோன மோட்டாரின் வயிற்றிலிருந்து கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்ற வேண்டும். ஒருமுறை ஒரு போட்டோ அனுப்பினாள். ஏறக்குறைய அவள் உயரத்துக்கு ஒரு மோட்டார், அதற்குள் தலையை விட்டபடி அக்கா. நான் அந்தப் போட்டோவுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை அனுப்பிவிட்டு கிடார் பக்கம் திரும்பிவிட்டேன். அப்போதெல்லாம் எனக்குப் பெரிய விஷயம் என்றால் என் விஷயம்தான்.

மாப்பிள்ளைக்கு ஊர் முத்தாண்டிக்குப்பம். முந்திரித் தோப்பு, நாலைந்து பலா மரம், நல்ல மனிதர். நிச்சயதார்த்தத்தில் அவருடைய அம்மா ராஜலட்சுமி அத்தை மட்டும் ஒன்று சொன்னார்.

“கல்யாணத்துக்கு அப்பறம் வேலைலாம் எதுக்குங்க? தோப்பு கெடக்குது, வூட்டப் பாத்துக்கினு இருந்தா போதுங்க.”

அப்பா தலையாட்டினார். அக்காவும் ஆட்டினாள். கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை போய் சுரங்கத்து கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்து வேலையை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அன்று சாயங்காலம் அக்கா கட்டிலில் உட்கார்ந்து அந்த கேட் பாஸின் பிளாஸ்டிக் உறையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் அழுக்கே இல்லை.

“என்னக்கா?”

“ஒண்ணும் இல்லடா. ரிசப்ஷன்ல நீ கிடார் வாசிக்கணும். நான் கேக்கறது அது ஒண்ணுதான்.”

அதைக் கேட்ட வேகத்தில் ஒரு நல்ல தம்பி என்ன செய்வான்? அப்பாவிடம் போய்ப் பேசுவான். நான் கிடாருக்குப் புது பிக்கப் வாங்கினேன்.

பிக்கப் என்பது எலெக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளான காயிலும். கம்பி அதிர்வதை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். ஒற்றைக் காயில் என்றால் சுற்றியிருக்கும் லைட், ஜெனரேட்டர் எல்லாவற்றின் இரைச்சலையும் சேர்த்து அனுப்பிவிடும். ஹம்பக்கர் என்ற வகையில் இரண்டு காயில்கள். இரண்டிலும் இரைச்சல் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும், பாட்டு மட்டும் பிழைக்கும். முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று! யார் பெற்ற பிள்ளை இதை யோசித்தானோ என்று வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். (கம்பி சுற்றுகிறவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.)

என் கிடாரில் ஏற்கெனவே இருந்த ஹம்பக்கர்கள் விலைக்கேற்ற சரக்கு. தலையணைக்குள் வாய் வைத்துப் பாடுவதுபோல் ஒலிக்கும், சத்தம் கூட்டினால் விசிலடிக்கும். மூன்று வாரம் இணையத்தில் விமர்சனம் படித்தேன். ஒரு பிக்கப் வெண்ணெய் போல் இருக்கிறது என்றார்கள், ஒன்று மொறுமொறுப்பு, ஒன்று தேன். ஹோட்டல் மெனு படித்தவன்போல் பசிதான் எடுத்தது. கடைசியில் கிடாரின் கழுத்துப் பக்கத்துக்கு வெண்ணெயும், கம்பிகள் வந்து முடியும் பாலத்துப் பக்கத்துக்கு மொறுமொறுப்பும் ஆர்டர் செய்தேன்.

பார்சல் வந்தது. ஒவ்வொரு பிக்கப்பிலும் நான்கு வண்ண ஒயர்: சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை. கூடவே படம் போட்ட ஒரு தாள். அந்தத் தாளை நான் சால்டரிங் செய்யும்போது மேஜை கருகாமல் இருக்க அடியில் விரித்துக்கொண்டேன். வீட்டு ஒயரிங்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இது டவுன்ஷிப்பில் எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். சிவப்பை ஸ்விட்சில் வைத்தேன், கறுப்பையும் பச்சையையும் சேர்த்து எர்த்தில் பற்றவைத்தேன். வெள்ளை மிச்சமானது. கம்பெனிக்காரன் தாராளமாக ஒன்று கூடுதலாகக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்து டேப் சுற்றி மடக்கி வைத்தேன்.

அக்கா எட்டிப் பார்த்து, “நான் பாக்கட்டுமாடா?” என்றாள்.

“இது மோட்டார் இல்லக்கா. இது வேற லெவல் டெக்னாலஜி” என்றேன்.

(இந்த வரியை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.)

வாசித்துப் பார்த்தால் ஒலி நோஞ்சானாக இருந்தது. அதற்கு ‘தெளிவு’ என்று பெயர் வைத்தேன். லேசாக ஓர் இரைச்சல் வந்தது. ஃபிரிட்ஜ் என்று முடிவு செய்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வரவேற்பு. மேடை முழுக்க சீரியல் லைட், பின்னால் ஜெனரேட்டர். அக்கா அரக்கு நிறப் பட்டில் மாலையோடு நின்றாள். நான் கிடாரை மாட்டி, ஆம்ப்ளிஃபயரைத் திருகி, ஸ்டைலாகக் கையைத் தூக்கினேன்.

“ம்ம்ம்ம்ம்ம்ம்.”

நான் இன்னும் கம்பியைத் தொடவே இல்லை. மண்டபத்துக்குள் லாரி ஒன்று வந்து நிற்பதைப்போல் ஓர் இரைச்சல். தொட்டபோது அந்த லாரிக்கு அடியில் மாட்டிய கொசுவின் குரலில் என் பாட்டு வந்தது.

அடுத்து நடந்தது வேறெந்த ஊரிலும் நடக்காது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அப்பாவோடு வேலை பார்க்கும் எலெக்ட்ரிக்கல் ஆட்கள். பந்தியில் இருந்தவர்கள்கூட இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள்.

“எர்த் ஃபால்ட்டுப்பா!”

“இல்ல சார், நியூட்ரல் லூஸு!”

ஒருவர் சீரியல் லைட்டை அணைத்தார். இன்னொருவர் ஐஸ்கிரீம் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், “ஆரம்பமே இப்பிடியா?” என்று முணுமுணுத்தார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அக்கா கேட்ட ஒரே ஒன்றையும் நான் கெடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கிடாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாத அளவுக்கு நான் வளர்ந்திருந்ததற்காக முதல்முறை வருத்தப்பட்டேன்.

அப்போது அக்கா மாலையைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். மேடையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். “கொண்டா இங்க” என்றாள். சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன், பழைய முள் மீட்டர் மூன்றையும் வாங்கி, கிடாரைக் கவிழ்த்துப் பின்மூடியைத் திறந்தாள்.

“இதுக்குள்ள எத்தன காயில்டா?”

“ரெண்டு.”

“ரெண்டு காயிலுக்கு நாலு முனை. அப்ப இந்த வெள்ளைய ஏன் கட்டிப் போட்ட?”

“அது... எக்ஸ்ட்ரானு நெனச்சேன்க்கா.”

எலெக்ட்ரிக்கல் ஆட்கள் அத்தனை பேரும் திடீரென்று கூரையைப் பார்த்தார்கள்.

“ஒரு காயில்தான் வேல செய்யுது. இன்னொண்ணு சும்மா உக்காந்திருக்கு. இரைச்சல அடக்கறது யாரு?”

ஒயர்களைப் பிரித்தாள். மீட்டரை வைத்து எந்த இரண்டு முனை ஒரு ஜோடி என்று பார்த்தாள். பிறகு அவள் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒரு காயிலின் மேல் வைத்துச் சட்டென்று எடுத்தாள். மீட்டரின் முள் துள்ளியது. பேட்டரி இல்லை, பிளக் இல்லை, ஓர் இரும்புத் துண்டு விலகியதற்கே அந்தக் காயில் பதில் சொன்னது! அடுத்த காயிலிலும் அப்படியே செய்தாள்.

“ரெண்டும் ஒரே பக்கம் சாயணும். அப்பதான் ஒண்ணோட முடிவையும் இன்னொண்ணோட முடிவையும் சரியா சேத்திருக்கோம்னு அர்த்தம்” என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

முழங்கை வரை மருதாணி, நெற்றியில் சுட்டி. அந்தக் கையில் சால்டரிங் அயர்ன் ஒரு நூல்கூட நடுங்கவில்லை. இரண்டு பிக்கப்பிலும் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தன, கறுப்பு ஸ்விட்சுக்குப் போனது. நான் அவளோடு ஒரே வீட்டில் இருபத்து மூன்று வருஷம் இருந்திருக்கிறேன். அவள் வேலை செய்து அன்றுதான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லிக்கொண்டேன்.

மாப்பிள்ளை போன் வெளிச்சம் காட்டினார். ராஜலட்சுமி அத்தை விறுவிறுவென்று மேடையேறினார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அத்தை குனிந்து, சூட்டில் பட்டுவிடாதபடி அக்காவின் முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார். கடைசி ஒயர் முடியும் வரை விடவில்லை.

மறுபடி ஆம்ப்ளிஃபயரைத் திருகினேன். நிசப்தம். அதுவரை நான் கேட்டதிலேயே பெரிய நிசப்தம் அதுதான். பிறகு வாசித்தேன். சுமாராகத்தான் வாசித்தேன், கைதட்டல் எனக்கில்லை என்பதும் தெரியும். அக்கா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பாட்டு முடிந்ததும் அத்தை அக்காவின் காதருகே போனார்.

“திங்கக்கெழம என்னா ஷிப்ட்டும்மா உனுக்கு?”

“கேட் பாஸ குடுக்கத்தான் அத்த...”

“அத யாரு கேட்டாங்க? ஷிப்ட்டு என்னான்னு கேட்டேன். சோறு கட்டணும்ல?”

அக்கா மறுநாள் தாலி கட்டும்போது அழவில்லை. அத்தை கேட்ட இந்தக் கேள்விக்கு அழுதாள்.

இன்றைக்கும் முத்தாண்டிக்குப்பத்திலிருந்துதான் வேலைக்குப் போகிறாள். அத்தை இந்தக் கதையைச் சொல்லாத விசேஷம் இல்லை. சொல்லச் சொல்ல இரைச்சல் பெரிதாகி, இப்போது ஜெனரேட்டரே வெடித்துவிட்டது என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. போன வருஷம் என் கல்யாணத்துக்கு அக்கா வீட்டு வரிசைத் தட்டுகள் வந்தன. முதல் தட்டை அத்தையே ஏந்தி வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்த புத்தம்புது சால்டரிங் அயர்ன். மண்டபமே சிரித்தது. நானும் அசட்டுச் சிரிப்போடு வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

அத்தை தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னார்: “உனுக்கு இல்ல சாமி. பொண்ணுக்கு.”